ஈய அங்கி

கீர்த்தியின் வயிறு நன்றாகவே தெரிந்தது. எக்ஸ்ரே அறை வாசலில் அதைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மயிலாப்பூரில் இந்த மருத்துவமனைக்கு வந்து வந்துதான் எங்களுக்குப் பழக்கம். அவள் மகள் ஷ்ரேயாவுக்கும் என் மகன் ஆண்ட்ரூவுக்கும் ஒரே நோய். பிறவியிலேயே எலும்பில் பலமில்லை. அழுத்தித் தூக்கினாலே முறியும். ஊசி மருந்து பிடித்தால் எக்ஸ்ரே படத்தில் எலும்பின் ஓரம் வெள்ளைக் கோடு விழும். ஷ்ரேயாவுக்கு எப்போதும் ஆண்ட்ரூவைவிட ஒரு கோடாவது கூடுதல். அதையே பல்லைக் கடித்துக்கொண்டுதான் பார்த்துவந்தேன்.

"ஸ்கேன்ல இந்தப் பாப்பாவுக்கு எலும்பெல்லாம் நல்லாருக்காம்க்கா," என்றாள் கீர்த்தி.

எனக்கும் இன்னொரு குழந்தை வேண்டும். என் கணவர் ஃபிரெட்ரிக் பயத்தில் அந்தப் பேச்சையே எடுக்க விடுவதில்லை. இவளுக்கோ, தி.நகரில் சொந்தக் கடையில் புடவை எடுக்கிற மாதிரி எல்லாம் சுலபம். "சந்தோஷம்," என்றேன்.

கதவு திறந்தது. "ஷ்ரேயா! கூட யாரும்மா வர்றது? மாசமா கீறவங்க உள்ள வரக்கூடாது," என்றார் படம் எடுப்பவர்.

"அவரு கடையில இருக்காரு. நீங்க புடிச்சிக்கிறீங்களாக்கா? இவளத் தூக்க உங்களுக்குத்தான் தெரியும்."

முடியாது என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. ஆண்ட்ரூவைச் சக்கர நாற்காலியோடு அவளருகே விட்டேன். கதிர் படாமலிருக்கக் கனத்த ஈய அங்கியை மாட்டிக்கொண்டு, விரித்த உள்ளங்கைகளில் ஷ்ரேயாவை ஏந்தி மேசையில் கிடத்தினேன்.

"ஆன்ட்டி, புதுப் பாப்பாவுக்கு எலும்பு உடையாதாம்."

"ஆமாடா கண்ணு."

"அப்போ அத மட்டும் எல்லாரும் இறுக்கிக் கட்டிப்பாங்கல்ல?" அவள் மூக்கு விடைத்தது. "எனக்கு அந்தப் பாப்பா புடிக்கல."

சற்றுமுன் வாசலில் என் முகமும் இப்படித்தான் இருந்திருக்கும்.

"எனக்கும்தான்," என்றேன், அவள் காதோடு.

"அசையாம புடிங்கம்மா!"

இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டோம்.

ஷ்ரேயாவை ஏந்திக்கொண்டு வெளியே வந்தால், ஆண்ட்ரூ கீர்த்தியின் வயிற்றில் கை வைத்திருந்தான். "மம்மி, பாப்பா உதைக்குது! நமக்கும் ஒண்ணு வேணும் மம்மி!"

கீர்த்தி எழுந்து ஷ்ரேயாவுக்காகக் கை நீட்டினாள். ஷ்ரேயா போகவில்லை, என் கழுத்தைக் கட்டிக்கொண்டு தோளில் முகத்தைப் புதைத்தாள்.

"அம்மாகிட்ட வாடி," என்றாள் கீர்த்தி. அவள் முகம் சுண்டிப்போயிற்று.

அதைப் பார்க்க எனக்கு இனித்தது. வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் குழந்தையை நான் கொடுக்கவில்லை.