கோயமுத்தூர் சொன்ன க்ளோன்

மலையில் நடுவட்டத்துக்குக் கீழே இருந்த அந்தத் தேயிலை எஸ்டேட்டில் மேனேஜர் விஜயபாஸ்கருக்கு ஒழுங்கென்றால் உயிர். செவ்வாய்க்கிழமை நர்சரிப் பட்டியலைத் திறந்து, ரகங்களின் பெயர்களை மட்டும் அகரவரிசையில் அடுக்கிச் சேமித்துவிட்டார். பாத்தி எண்கள் பழைய இடத்திலேயே நின்றன. பன்னிரண்டாயிரம் தேயிலைக் கன்றுகளுக்கும் ஒரே நொடியில் தகப்பன் பெயர் மாறிப்போனது. வெள்ளிக்கிழமை ஆய்வுக்கு அதிகாரி வருகிறார். எந்தப் பாத்தியில் எந்த ரகம் என்று காட்டாவிட்டால் அத்தனையையும் பிடுங்கி எறிய வேண்டியதுதான்.

கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் ஜோதிமணியிடம் திங்கட்கிழமை ஸ்னாப்ஷாட் இருந்தது. டிஸ்க் அன்றிருந்தபடியே உறைந்து நிற்கும் பிரதி. சர்வருக்குள் ஓடும் சின்ன மெய்நிகர் கணினிக்கு அதையே டிஸ்க்காக மாட்டினாள். சர்வரை இயக்கும் அடி மென்பொருளான கெர்னல் சுருண்டு விழ, சர்வரே செத்தது.

“மிஸ்ட் உள்ள பூந்துருச்சும்மா” என்று பனிமூட்டத்தின் மேல் பழியைப் போட்டு, மேனேஜர் ஒரு ரூம் ஹீட்டரைக் கொண்டுவந்து வைத்தார். ஹீட்டர் சூட்டிலும் சர்வர் விழுந்தது. பதினோரு மணி வெயிலிலும் விழுந்தது. அது போன வாரத்து மிஸ்டாம், இன்னும் காயவில்லையாம்.

ஜோதிமணி ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தாள். சாதாரண டிஸ்க்கை மாட்டினால் ஓடியது. ஞாயிற்றுக்கிழமை ஸ்னாப்ஷாட்டை மாட்டினாலும் விழுந்தது. ஏழு குறிப்புகளாக எழுதி, சர்வர் விற்ற கோயமுத்தூர் கம்பெனிக்கு மெயில் அனுப்பினாள். வெளிக் கடிதம் எதுவானாலும் பதில் மேனேஜருக்குத்தான் வரும். அது எஸ்டேட் சட்டம்.

வியாழன் மதியம் நர்சரி மேஸ்திரி ஆறுக்குட்டி மண் கையோடு வந்து நின்றார்.

“ஏனுங்க அம்மணி, இன்னும் எத்தனை வேணுமுங்க? இருநூறு வெட்டியாச்சு.”

“என்னத்தைங்க வெட்டுனீங்க?”

“க்ளோனுங்க. தாய்ச்செடியில கிளை வெட்டி நடறதுதானுங்களே? கோயமுத்தூர்ல இருந்து அவசரமாம், க்ளோன் எடுத்து மாட்டணுமாம். எடுக்கறது நமக்குத் தெரியும். எங்க மாட்டறதுன்னு கேட்டா, யோசிக்கிறேன்னாருங்க மேனேஜர்.”

மேனேஜர் கொடுத்ததென்று அவர் நீட்டிய தாளைப் பிடுங்காத குறையாக வாங்கிப் படித்தாள். அவளுடைய மெயிலுக்குக் கோயமுத்தூர் கம்பெனி அனுப்பிய பதில். ஸ்னாப்ஷாட்டில் எதுவும் எழுத முடியாது. எந்தக் கணினியும் எழுந்தவுடன் டிஸ்க்கில் எழுதப் பார்க்கும். எஸ்டேட் சர்வரின் பழைய கெர்னலுக்கு ‘முடியாது’ என்று மறுக்கத் தெரியாமல் விழுந்துவிடுகிறது. ஸ்னாப்ஷாட்டிலிருந்து க்ளோன், அதாவது எழுதக்கூடிய நகல், எடுத்து அதை மாட்டவும். மேனேஜரிடம் ‘முடியாது’ சொல்லத் தெரியாதவர்கள் நிறைந்த ஆபீஸில் கெர்னலை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை.

க்ளோன் எடுக்க ஒரு நொடி ஆனது; கத்தி தேவைப்படவில்லை. மாட்டினாள். சர்வர் விழாமல் ஓடியது. திங்கட்கிழமைப் பட்டியல் வரிக்கு வரி சரியாக வந்தது. இருட்டுவதற்குள் ஆறுக்குட்டி பாத்தி பாத்தியாக ஒத்துப் பார்த்து முடித்தார். மறுநாள் வந்த அதிகாரி பட்டியலைப் பார்த்தார், கன்றுகளைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டுப் போனார்.

சனிக்கிழமை காலை மேனேஜர் கூப்பிட்டார். “ஏம்மா, நர்சரிப் பட்டியல் என்னமோ பாஸ்வேர்டு கேக்குதே?”

“கோயமுத்தூருக்கு எழுதிக் கேட்டிருக்கேனுங்க சார்” என்றாள், முந்தின நாள் அந்தப் பாஸ்வேர்டைப் போட்டுவைத்த ஜோதிமணி. “ பதில் உங்களுக்குத்தான் வரும். வந்தா ஆறுக்குட்டி அண்ணன்கிட்டக் குடுத்துருங்க.”