மூடாத கோப்பு

“அழிச்சுட்டேன்னு சொன்னியேடா சங்கிலி. அப்ப அங்கன அருவாளத் தூக்குறவன் யாரு, ஒங்கப்பனா?”

ஈஸ்வரபாண்டியின் குரல் கம்பம் பேருந்து நிலையம் வரை கேட்டிருக்கும். எதிர்ச்சாரி டீக்கடையே எழுந்து கயலின் கம்ப்யூட்டர் கடை வாசலுக்கு வந்துவிட்டது.

திரையில் திராட்சைப் பந்தல். அதன் கீழே ஈஸ்வரபாண்டி சுந்தரலிங்கத்தின் கையை வெட்டினார். படம் முடிந்து, முதலிலிருந்து மறுபடி வெட்டினார். வாசலில் நின்று பார்த்த அத்தனை பேருக்கும் பிற்பாடு போலீஸ் கேட்டபோது கண்பார்வை மங்கிப்போனது தனிக்கதை.

அந்த வெட்டுக்காக ஜெயிலுக்குள்ளே கிடந்தவன் கயலின் அண்ணன் மாரிசெல்வம். தண்ணீர்த் தகராறில் சுந்தரலிங்கத்தோடு அவன் கட்டிப்புரண்டது ஊருக்கே தெரியும். வெட்டுப்பட்டவருக்கோ மதுரையில் இன்னும் நினைவு திரும்பவில்லை. பக்கத்துத் தோட்டத்து ரஃபியின் கேமரா பிடித்து, கயல் தன் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்த இந்தப் படம்தான் மிச்சம். கேமராவில் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிட்டது.

கயலின் கழுத்தில் ஈஸ்வரபாண்டியின் அரிவாள். கம்ப்யூட்டர் டிப்ளமோவைப் பாதியில் விட்ட அவர் மைத்துனன் சங்கிலி விசைப்பலகையில்.

“சத்தியமா பேரே இல்ல மச்சான்.”

“பேரு கெடக்கு. ஆளு நிக்கிறானே.”

கயலுக்கு விஷயம் தெரியும். அவள் கம்ப்யூட்டரில் ஓடுவது லினக்ஸ் என்ற இயங்குதளம். அதில் கோப்பை அழித்தால் போவது பெயர் மட்டும்தான். முன்பே அதைத் திறந்து வைத்திருக்கும் நிரல், ‘அடுத்த துண்டைக் கொடு’ என்று கேட்கக் கேட்க, இயங்குதளம் வட்டிலிருந்து படித்துக் கொடுத்துக்கொண்டே இருக்கும். நிரல் மூடினால்தான் எல்லாம் போகும்.

ஈஸ்வரபாண்டி அரிவாளைத் திருப்பித் திரையில் போட்டார். கண்ணாடி சிதறியது. விசைப்பலகையைப் பிடுங்கிக் கயலின் வாயில் அடித்தார்; முடியைப் பிடித்துத் தலையைச் சுவரில் மோதினார். சங்கிலி தன் பங்குக்கு மெயின் பலகையிலிருந்து பீஸ்கட்டையைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். மின்விசிறி நின்றது. மேசைக்கடியில் ஏதோ கீச்கீச்சென்றது.

“என்ன புள்ள கத்துது?”

“பாட்டரிண்ணே.” கயல் உதட்டு ரத்தத்தைத் துடைத்தாள். “செத்த பெட்டிக்கு ஒப்பாரி வைக்குது.”

ஈஸ்வரபாண்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டிவி உடைந்தால் படம் போச்சு என்று வளர்ந்த மனிதர். எதிர்க்கடையில் டீ சொல்லிக் குடித்துவிட்டே போனார்.

அவர் தலை மறைந்ததும் ரஃபி தன் பழக்கடைக் கம்ப்யூட்டரின் திரையையும் விசைப்பலகையையும் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

“போலீசுக்குச் சொல்லவா தங்கச்சி? ரத்தம் ஊத்துதே.”

“மொதல்ல வயரைப் பாட்டரில செருகுங்கண்ணே.”

கரண்ட் போனாலும் பாட்டரியில் கம்ப்யூட்டர் உயிரோடு இருந்தது; படம் இருட்டிலும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. கோப்பை நிரல் பிடித்திருந்த அதே பிடி வழியாகக் கயல் உள்ளே போனாள். தொடக்கத்திலிருந்து துண்டு துண்டாகப் படித்துப் பென்டிரைவில் எழுதினாள். கீச்சொலி நெருங்கி நெருங்கி ஒரே கூவலானது. பென்டிரைவை உருவிய கொஞ்ச நேரத்தில் எல்லாம் அணைந்தது.

பென்டிரைவ் போலீசுக்குப் போனது. மாரிசெல்வம் வெளியே வந்து, மேகமலைக்கு ஜீப் ஓட்டப் போய்விட்டான். சுந்தரலிங்கம் ஒற்றைக் கையோடு வீடு திரும்பினார். ஈஸ்வரபாண்டி உள்ளே போக, அவர் மனைவி திரிஷா பிள்ளைகளோடு வருசநாட்டுக்குப் போனாள். சங்கிலி குமுளி ஏலக்காய்க் கடையில் இருக்கிறான். கம்ப்யூட்டர் இல்லாத வேலையாகக் கேட்டு வாங்கினானாம். கயலைச் சின்னமனூர் சுரேஷ்கண்ணன் கட்டிக்கொண்டான். சீர்வண்டியில் கட்டில் பீரோவுக்கெல்லாம் முன்னால் ஏறியது அந்தப் பாட்டரிப் பெட்டிதான். மாமியார் இன்னும் அதைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.