கை நனைக்காத விருந்தாளிகள்

லாங்கன்தால் தமிழர்கள் மத்தியில் எனக்கு ‘ஜெனரல்’ என்று ஒரு பட்டம் உண்டு. தந்தவர்களும் என்னைப் போலவே துப்பாக்கியைத் தொட்டறியாதவர்கள். நான் எண்பத்தைந்திலேயே சுவிசுக்கு வந்து சேர்ந்துவிட்டேன். நேரில் பங்குபற்றிய ஒரே போர், எங்கள் கட்டடத்து உடுப்புத் தோய்க்கும் அறையின் திறப்புச் சாவிக்காக மூன்றாம் மாடிச் சுவிஸ்காரியோடு நடந்தது. அதிலும் பின்வாங்கியது நான்தான்.

ஆனாலும் பிறந்தநாளோ, பெண்பிள்ளைகளின் சாமத்தியவீடோ, மண்டபத்தின் கடைசி மேசையில் ஆண்கள் கூடிவிட்டால், கோப்பைகளையும் தட்டுகளையும் நகர்த்தி ஆனையிறவு இராணுவ முகாமைப் பிடித்துக் காட்டுவது என் பொறுப்பு. வானொலியில் கேட்டது, தொலைக்காட்சியில் பார்த்தது, மிச்சம் என் சொந்தச் சரக்கு. சனம் கை தட்டும்.

“அப்பா, இண்டைக்குச் சண்டை வேண்டாம்,” என்றாள் மகள் மதுஜா, அந்த ஞாயிறு காலை. “ஒரு முகாமும் விழக்கூடாது. சத்தியம் பண்ணுங்கோ.”

பண்ணினேன். அவள் விரும்பிய பையன் சுந்தர், திருச்சிக்காரன், சூரிச்சில் கணினி வேலை. அவனுடைய தாய் தகப்பன் ஊரிலிருந்து வந்திருந்தார்கள். அன்று மதியம் எங்கள் வீட்டுக்குப் பெண் கேட்டு வருகிறார்கள். யாரிடமும் எதற்கும் கெஞ்சாத பிள்ளை, என் சட்டைப் பொத்தானைத் தானே பூட்டிவிட்டாள். அதற்குப் பிறகும் நான் வாயைக் கட்டாவிட்டால் மனிசனில்லை.

வந்தார்கள். தகப்பன் சுப்ரமணியன் மெலிந்த, நிமிர்ந்த மனிதர். தாய் அன்னம் சிரித்த முகம். என் மனைவி தனம் விடியவிலிருந்து சமைத்ததெல்லாம் மேசையில் ஆவி பறந்தது. இருவரும் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள்.

“எடுத்துச் சாப்பிடுங்கோ,” என்றேன்.

“இருக்கட்டுங்க,” என்றார் அன்னம்.

சுந்தர் என் காதுக்குள் சொன்னான். “தப்பா நினைக்காதீங்க மாமா. கல்யாணப் பேச்சு முடிவாகாம பொண்ணு வீட்ல கை நனைக்க மாட்டாங்க. எங்க பக்கம் வழக்கம்.”

எங்கள் பக்கமோ வந்தவர் வயிறு நிறைந்த பிறகுதான் விஷயத்துக்கு வருவோம். சரி, பேசிவிடலாம் என்றால் தனம் அடுப்படியில் பாயசத்தோடு நின்றாள். அவள் வந்து இருக்காமல் நான் சம்மதம் சொன்னால் அது செல்லாது. ஆகவே எல்லாரும் காத்திருந்தோம். வடை ஆறிக்கொண்டிருந்தது. யாரும் கதைக்கவில்லை.

மௌனம் எனக்கு ஒத்துவராது. என் கை தானாகவே ஒரு அப்பளத்தை எடுத்து மேசை நடுவில் வைத்தது.

“இது கடல்நீரேரி எண்டு வைப்பம்.”

மதுஜா மேசைக்குக் கீழே என் காலில் உதைத்தாள். ஆனால் தாக்குதல் தொடங்கிவிட்டது. உழுந்து வடை ஆனையிறவு முகாம். மோர்மிளகாய்கள் புலிகளாகிக் குடாரப்புக் கரையில் தரையிறங்கின. உப்புப் போத்தல் யாழ்ப்பாண நகரம். அதோடு விட்டிருக்கலாம். ஆனையிறவுக்குத் தேவையே இல்லாமல், பருப்புக் கரண்டியை எடுத்து நகரத்துக்கு வடக்கே ஒரு ரயில் பாதையும் போட்டேன்.

சுப்ரமணியன் முதல்முறையாகக் கையை நீட்டினார். விரல் கரண்டியின் நடுவில் நின்றது.

“இது கொக்குவில்தானே?”

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “ஓமோம். யாழ்ப்பாணம் பாத்தனீங்களோ? சுற்றுலாவோ?”

“இல்லீங்க. எண்பத்தேழு அக்டோபர்.” விரலை எடுக்காமலே சொன்னார். “ஆர்மியில இருந்தேன்.”

எண்பத்தேழு ஐப்பசி. இந்தியப் படை சமாதானம் காக்க வந்து, யாழ்ப்பாணத்தைப் பிடிக்கச் சண்டையிட்ட மாதம். எங்கள் போர் திசை மாறிய இடம் என்று மண்டபங்களில் நானே எத்தனை தடவை சொல்லியிருப்பேன்.

“அப்பா, நீங்க பஞ்சாப்லதானே இருந்தீங்க?” என்றான் சுந்தர்.

“அதுக்கப்புறம்தான் பஞ்சாப்.”

அடுப்படி வாசலில் தனம் நின்றாள். கையில் பாயசச் சட்டி. அவளுடைய வீடு கொக்குவிலில், ரயில் பாதையோரம். அவளுடைய அப்பாவை அந்த ஐப்பசியில்தான் வீட்டு முற்றத்தில் சுட்டார்கள். கலியாணம் முடித்த நாளிலிருந்து அவள் அதைப் பற்றி என்னிடம் சொன்னது அந்த ஒரு வசனம் மட்டுமே.

அவள் சட்டியை மெதுவாக மேசையில் வைத்தாள்.

“வீடுகளுக்குள்ள வந்தனீங்களோ?”

அன்னம் கணவரின் கையைப் பிடித்தார். அவர் அதை விலக்கவில்லை, பதிலையும் விலக்கவில்லை.

“வந்தோம்மா. தமிழ் தெரியும்னு என்னை வேற ரெஜிமெண்டோட அனுப்பியிருந்தாங்க. கூட இருந்த யாருக்கும் பாஷை தெரியாது. விடியக்காலை. ஒரு வீட்டுல பெரியவர் ஒருத்தர் ரெண்டு கையையும் தூக்கிட்டு வெளிய வந்தார். ஏதோ சொல்லிட்டே வந்தார். எனக்கு மட்டும்தான் புரிஞ்சுது. நான் அதை அவங்களுக்குச் சொல்றதுக்குள்ள…”



“என்ன சொன்னவர்?” தனத்தின் குரல் உயரவேயில்லை.

“‘தம்பி, உள்ளுக்குப் பொம்பிளைப் பிள்ளையள் நிக்கினம்’னார்.”

நாற்பது வருடத்துக்குக் கிட்ட, ஒரு திருச்சிக்காரரின் வாயில் அந்த வசனம் எங்கள் ஊர்ப் பேச்சாகவே கிடந்திருக்கிறது. சொன்ன விதம் அப்படியே இருந்தது.

தனம் கதிரையைப் பிடித்துக்கொண்டாள். “அம்மா,” என்று எழுந்தாள் மதுஜா.

“இரு.” பிறகு தனம் சுப்ரமணியனைப் பார்த்தாள். “அது எங்கட அப்பாவோ எண்டு எனக்குத் தெரியாது. நான் உள்ளுக்கு, கட்டிலுக்குக் கீழ. அந்தக் கிழமை எல்லா அப்பாமாரும் அதைத்தான் சொல்லியிருப்பினம்.”

சுப்ரமணியன் எழுந்தார். நிமிர்ந்த மனிதர் எழும்போது கூனிப்போயிருந்தார்.

“சுந்தர் மேல தப்பில்லம்மா. அவனுக்கு எதுவும் தெரியாது. நான் கிளம்பறேன். இந்த வீட்டுல நான் கை நனைக்கக் கூடாது.”

மதுஜா என்னைப் பார்த்தாள். ஏதாவது சொல்லுங்கோ அப்பா என்ற பார்வை. எல்லாப் போரையும் விளக்கத் தெரிந்த ஜெனரல் நான், தலையைக் குனிந்துகொண்டேன். மோர்மிளகாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தனம்தான் அசைந்தாள். ஆனையிறவை எடுத்துத் தட்டில் போட்டாள். குடாரப்பைத் துடைத்தாள். உப்புப் போத்தலை ஓரமாக வைத்தாள்.

“இருங்கோ,” என்றாள். “ஆரும் போக வேண்டாம்.”

அவர் நின்றபடியே நின்றார்.

தனம் சோற்றுச் சட்டியின் அகப்பையைக் கையில் எடுத்தாள். அவருடைய தட்டுக்கு மேலே கொண்டுபோனாள். கை அங்கேயே நின்றது. திரும்பவும் சட்டிக்குள் வைத்துவிட்டாள்.

“பிள்ளை, நீ போடு. என்ர கையால இண்டைக்கு ஏலாது.”

மதுஜா விளங்கியும் விளங்காதவளாக நின்றாள். “அம்மா, போடட்டோ?”

அந்தக் கேள்விக்குள் கலியாணமே கிடந்தது என்று மேசையிலிருந்த எல்லாருக்கும் தெரியும்.

“போடு எண்டுதானே சொன்னனான்,” என்றாள் தனம். முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். “சோறு ஆறுது.”

மதுஜா போட்டாள். சுப்ரமணியன் மெதுவாக உட்கார்ந்தார். அவர் கை சோற்றுக்கு மேலே நெடுநேரம் நின்றது. அன்னம் முழங்கையை மெல்லத் தொட்ட பிறகுதான் விரல்கள் இறங்கின.

பருப்பு ஊற்றக் கரண்டியைத் தேடினாள் மகள். கொக்குவில் ரயில் பாதை இன்னும் மேசையில்தான் கிடந்தது. நான் அதை எடுத்து, துடைத்து, அவளிடம் கொடுத்தேன்.