திருகாணி இல்லாத காத்தாடி

புக்கிட் தெங்காவில் இருந்த ஒரு மின்விசிறித் தொழிற்சாலையில் பதினோரு வருடமாக வடிவமைப்புப் படம் வரைந்துகொண்டிருந்தாள் தவமணி. தினமும் தீவிலிருந்த ஜார்ஜ் டவுனில் படகேறி அக்கரைக்குப் போய்க் கம்பெனி பஸ்ஸைப் பிடிப்பாள். எண்பத்து நாலாம் வருடம் மேலாளர் சிவகுருநாதன் அவளைக் கூப்பிட்டு, மேசை விசிறியின் மோட்டாரை மூடும் கூட்டில் இருந்த எட்டுத் திருகாணிகளையும் எடுத்துவிட்டு இரண்டு பாதியையும் பசையால் ஒட்டும்படி மாற்றச் சொன்னார். வேலை சீக்கிரம் முடியும் என்றார். மூன்றே நாளில் வரைந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். எல்லோரும் பாராட்டியபோது அவளுக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அடுத்த வருடம் அவள் வீட்டில் வாங்கி வைத்திருந்த அதே வகை விசிறி நின்றுபோனது. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைப் பக்கம் ரிப்பேர் கடை வைத்திருந்த ஜபருல்லாவிடம் தூக்கிக்கொண்டு போனாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்கம்மா தொறக்கிறது? ஒரு ஸ்குருகூடக் காணோம்லா."

"ஒட்டியிருக்கு அண்ணே."

"எவன் செஞ்ச வேலை இது?"

அவர் உளியை வைத்துத் தட்டினார். கூடு பிளந்தது. உள்ளே ஒரு கம்பி விட்டுப்போயிருந்தது, அவ்வளவுதான்.

"கம்பியப் பத்த வெச்சு ஒட்டுனா அஞ்சு நிமிஷம். ஆனா கூடு போச்சே, இனி எதுல மாட்டுறது?" என்றவர் கடையின் பின்பக்கம் கை காட்டினார். அதே மாதிரி ஒட்டிய நீல விசிறிகள் இடுப்பளவு குவிந்து கிடந்தன. "எல்லாம் குப்பைமேட்டுக்குத்தான்."

மறுநாள் அவள் முதன்முறையாகப் பசை ஒட்டும் அறைக்குப் போனாள். தூசி படக்கூடாதென்று சன்னலை அடைத்திருந்தார்கள். உள்ளே நுழைந்ததும் தலை சுற்றியது. நான்கு பெண்கள் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஜெயலெட்சுமி என்ற பெண், இருபத்து மூன்று வயதிருக்கும், சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"காலு மரத்துப் போவுதுக்கா. படி ஏற முடியல. பசை வாடையில நரம்பு கெடுதுன்னு டாக்டர் சொல்றாரு. வேலைய விட்டா வீட்ல என்னா செய்றது?"

அன்று மாலைக்குள் தவமணி திருகாணி வைத்த பழைய கூட்டையே திருத்தி வரைந்து மேலாளரிடம் எடுத்துப் போனாள். "பசையே வேணாம் சார். ரிப்பேரும் பண்ணலாம். அந்தப் பொண்ணுங்களும் தப்பிச்சிரும்."

சிவகுருநாதன் படத்தைத் தொடவில்லை. "ரிப்பேர் பண்ணிக்கிட்டே இருந்தா புதுசு யாரு வாங்குவா தவமணி? திரும்ப வாங்க வைக்கிறதும் நம்ம வேலைதான்."

இரண்டு படங்களையும் எடுத்துக்கொண்டு அவள் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனாள். விசாரணை நடந்தது. கம்பெனிக்காரர்கள் ஒட்டும் கூட்டின் படத்தை மேசையில் விரித்து, அதன் மூலையிலிருந்த கையெழுத்தைக் காட்டினார்கள். "உங்களோடதுதானே?" என்று அதிகாரி கேட்டார். ஆமென்றாள். அது பொய்யில்லை; பழியும் அவள் மேலேயே விழுந்தது.

பசை அறையைப் பூட்டினார்கள். நான்கு பெண்களையும் வேலையிலிருந்து நிறுத்தினார்கள். தவமணியையும்தான். ஜெயலெட்சுமியைப் பார்க்கப் போனபோது அவள் நாற்காலியை விட்டு எழவில்லை. எழவும் முடியாது.

"நீங்க போயி சொல்லாட்டி, கையாலயாச்சும் வேலை செஞ்சிருப்பேன்கா," என்றாள்.

விசிறி செய்வது மட்டும் நிற்கவில்லை. ஒட்டும் வேலை சிம்பாங் அம்பாட்டில் ஒரு தகரக் கொட்டகைக்குப் போயிருப்பதாக லாரிக்காரர் ஒருவர் சொன்னார். தவமணி தேடிப் போனாள். கதவு பாதி சாத்தியிருந்தது. உள்ளே ஆறு பெண்கள். எல்லாம் புது முகம். அதே வாடை.

வாசலுக்கு வந்த பெண்ணிடம் எல்லாவற்றையும் சொன்னாள். காலைப் பற்றி, நரம்பைப் பற்றி, ஜெயலெட்சுமியைப் பற்றி. அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டாள்.

"நீங்க யாருக்கா?"

"அந்தக் கூட்ட வரைஞ்சவ."

அவள் தவமணியை ஏற இறங்கப் பார்த்தாள். உள்ளேயிருந்து யாரோ அதட்டினார்கள். "சூப்பர்வைசர் கூப்பிடுறாரு," என்று சொல்லிவிட்டுப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.