குளம் தயார்

…தொண்ணூற்றாறு மணி நேரம், இருபது நிமிடம். நான்கு நாள் என்று சொன்னால் போதாதா, போதாது, நாள் என்றால் அதில் தூக்கமும் சாப்பாடும் வந்துவிடுகிறது, மணி என்றால் சோதனைச்சாலைக் குறிப்பேட்டில் இருக்கும் எண் போல யாருடையதாகவும் இல்லாமல் இருக்கிறது, அதனால்தான் மணியாக எண்ணுகிறோமோ என்று ஐரிஸ் நினைத்தாள். சனிக்கிழமை காலை பத்து நாற்பதுக்குப் பத்தாம் வகுப்பு டாம்சின் பனிப்பாளம் உடைந்து குளத்துக்குள் போனாள். இப்போது புதன்கிழமை பதினொரு மணி. கூட்ட அறையில் கடைசி ஆளும் உட்கார்ந்தாயிற்று, கதவருகே காலணிகளிலிருந்து பனி உருகி ஒழுகிக்கொண்டிருந்தது, விறகடுப்பில் ஒரு கட்டை சரிந்தது, அத்தோடு சத்தம் எல்லாம் நின்றது. இனி நாற்பது நிமிட மௌனம். பாதிரியார் இல்லை, பாட்டு இல்லை, உள்ளே ஏதாவது அசைந்தவர் எழுந்து சொல்லலாம், அசையாதவர் சும்மா இருக்கலாம். நாற்பதாவது நிமிடம் எதிர்ப் பெஞ்சில் தலைமையாசிரியை மார்கரி பக்கத்து ஆளுக்குக் கை கொடுப்பார், முடிந்துவிடும். அந்தக் கை நீளுவதற்குள் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை ஆரின் போய்விடுவார், தன்னுடையது அல்லாத தப்பைத் தூக்கிக்கொண்டு.

ஆரின் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார், எப்போதும் அவர் உட்காரும் இடம், அந்த ஜன்னல் ஒழுகும், ஒழுகினால் முதலில் தன் கண்ணில் படட்டும் என்று. கட்டுப்போட்ட இரண்டு கைகளும் மடியில் இருந்தன, பிசைந்து வைத்த இரண்டு மாவுருண்டைகள் மாதிரி. இருபத்தாறு வருஷமாக இந்தப் பள்ளியின் கொதிகலன், பம்பு, கூரை, வேலி எல்லாமே அந்தக் கைகள்தான். ஏணியைப் பாளத்தின் மேல் தள்ளி, அதன்மேல் வயிற்றால் ஊர்ந்துபோய், டாம்சினின் பின்னலைப் பிடித்து இழுத்ததும் அந்தக் கைகள்தான்… பதினொரு நிமிடம் தண்ணீருக்குள் இருந்திருக்கிறாள், அவ்வளவு குளிர்ந்த நீரில் மூளை மெதுவாகத்தான் சாகும், அதனால் நம்பிக்கை உண்டு என்று டாக்டர் சொன்னாராம், அது ஐரிஸுக்குத் தெரியும், பத்தாம் வகுப்புக்கு அவளே சொல்லியிருக்கிறாள், டாம்சின் அதைக் குறித்துக்கொண்டாள். மருத்துவமனையில் இன்னும் கண் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஆரின் எழுந்தார், இத்தனை வருஷத்தில் அவர் எழுந்து பேசியதே இல்லை என்றார்கள். "வியாழக்கிழமை குளத்து மேல வண்டிய ஏத்திப் பனி தள்ளினது நான்தான். அப்பவே பாளம் உள்ளுக்குள்ள விரிசல் விட்டிருக்கணும். எனக்குப் புலப்பட்டிருக்கணும், புலப்படல." அங்கே கொஞ்சம் நின்றார். எதற்கு நின்றார்? பிறகு, "இனிமே நான் இங்க இருக்கிறது சரியா வராது" என்று உட்கார்ந்துவிட்டார். ஒருவர் பேசியபின் இங்கே யாரும் உடனே பதில் சொல்வதில்லை, அது மரியாதை, அந்த மரியாதைக்குள்ளேயே அவருடைய வேலை போயிற்று. கொட்டகைக்குப் பின்னால் இருக்கும் வீடு பள்ளியுடையது, அதுவும் போகும். டோலிடோ நகரத்தில் தங்கை வீட்டு நிலவறையில் ஒரு கட்டில் போட்டிருக்கிறார்களாம்.

ஒன்பது நிமிடம். கடிகாரத்தைச் சட்டைக் கைக்குள் தள்ளிவிட்டு அதே மணிக்கட்டில் விரலை வைத்தாள், பதினைந்து விநாடிக்கு இருபத்தொன்பது துடிப்பு, நிமிடத்துக்கு நூற்றுப் பதினாறு. மனசு இப்படி அடித்துக்கொண்டால் அதுதான் எழுந்து பேசச் சொல்லும் அழைப்பு என்பார்கள், ‘நண்பர்கள்’ என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் இந்தக் கிறிஸ்தவச் சபையாருக்கு நடுக்கத்தால்தானே குவேக்கர், நடுங்குகிறவர், என்று பேரே வந்தது. மூன்று வருஷத்துக்கு முன்பு வேலைக்கு வந்த புதிதில், சிறுநீரகத்துக்கு மேல் உட்கார்ந்திருக்கும் சின்னச் சுரப்பி செய்யும் வேலை அது என்று உள்ளுக்குள் சிரித்திருக்கிறாள். இப்போது அந்தச் சுரப்பியே எழுந்து பேசிவிட்டால் நன்றாக இருக்கும். சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம். அதை நான்கு நாளாக மனசுக்குள்ளேகூட முழுசாகச் சொல்லிப் பார்த்ததில்லை, பக்கத்தில் போகும்போதே வேறு ஏதாவது வந்துவிடுகிறது, இதோ இப்போது காலைச் சாப்பாடு வருகிறது… சமையலறை ஜன்னல் வழியே சமையல்காரி டாட்டி கரண்டியை நீட்டி, "ஏம்மா ஐரிஸ், கஞ்சியத் திங்கிறியா அளக்கிறியா? அளக்கத்தான் உனக்குச் சம்பளம், அது தெரியும். என் சமையல்ல வேணாம்" என்றாள். நான்கு நாளாக இந்த இடத்தில் சிரிப்பே இல்லை, யாராவது தொடங்கட்டும் என்றுதான் சொன்னாள், பாவம். பின்னாலேயே ஆரின் தட்டை முழங்கைகளில் ஏந்திக்கொண்டு வந்தார். "வை மகராசா, கீழ போட்டுறாத. ஊட்டி விடணுமா?" "ஊட்டினா கடிச்சிருவேன் டாட்டி." டாட்டி சிரித்தாள், சிரித்துக்கொண்டே அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்தாள். ஆரின் ஐரிஸுக்கு எதிரே உட்கார்ந்தார். "சாவியெல்லாம் மார்கரிகிட்ட குடுத்தாச்சு. மேப்பிள் மரத்துக் குழாயெல்லாம் கொட்டகையில நீல வாளியில இருக்கு. தொறப்பணம் ஆணியில தொங்குது. அதுக்கு கிரீஸ் போட வேணாம்மா, நவம்பர்ல நான் போட்டது அப்படியே இருக்கு." சரி என்றாள். "அப்படியே இருக்கு" என்றார் இன்னொரு தடவை. காப்பி சூடாக இருந்தது, நாக்கு வெந்தது, இன்னும் எரிகிறது.

அந்தத் துறப்பணத்தால் குளத்தில் நான்கு இடங்களில் துளை போட வேண்டும், கொக்கி வைத்த நாடாவை உள்ளே விட்டு, பாளத்தின் அடியில் மாட்டி, அங்குலம் பார்க்க வேண்டும். நான்கு அங்குலம் இருந்தால் பிள்ளைகள் சறுக்கலாம். வேலைகளைப் பங்கு போடும்போது, அறிவியல் டீச்சர் ஆயிற்றே என்று அது அவளுக்கு வந்தது. போன புதன்கிழமை மாலை, இதே அறை, இதே பெஞ்சு, பள்ளி முழுவதும் கூடும் வேலைக் கூட்டம், நடுக்குளிர்கால வாரத்துக்கு என்னென்ன என்று ஒவ்வொன்றாக வந்தது, சூப் இரவு யார் பொறுப்பு, போர்வை தைக்கத் துணி போதுமா, அப்புறம் மார்கரி, "குளம் சனிக்கிழமைக்கு ஆகும்தானே, ஐரிஸ் பார்த்திருப்பா. யாருக்காவது வேற மாதிரித் தோணுதா?" என்று கேட்டார். இங்கே கை தூக்கி எண்ணுவது கிடையாது. கேட்டுவிட்டுக் காத்திருப்பார்கள், மௌனம் கலையவில்லை என்றால் எல்லோருக்கும் சம்மதம். நாளைக்குக் காலையில்தான் போகப்போகிறேன் என்று சொல்ல ஐரிஸ் வாயைத் திறந்தாள். எழுபது முகங்கள். கழுத்திலிருந்து சூடு ஏறியது, காது வரை வந்தது, நாளைக்கு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஆனால் ஏன் இன்னும் என்று யாராவது கேட்பார்கள், அதற்கும் பதில் சொல்ல வேண்டும், எப்படியும் நாளைக்குப் பார்த்துவிடப்போகிறோம், பிறகெதற்கு… குறிப்பெழுதும் பிரீயின் பென்சில் ஓடியது, அந்தச் சின்னச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. குளம் தயார். இரண்டே வார்த்தை.

மறுநாள் போகாமல் இல்லை. நாடாவைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஏழரைக்கே இறங்கினாள், பூஜ்யத்துக்குக் கீழே பன்னிரண்டு, மூக்குக்குள் மயிர் உறைந்தது. சரிவில் நின்று பார்த்தால் ஆரின் ஏற்கெனவே வண்டியைக் குளத்தில் இறக்கி வட்டம் வட்டமாகப் பனியைத் தள்ளிக்கொண்டிருக்கிறார், இவளைப் பார்த்ததும் ஒரு கையைத் தூக்கினார், இவளும் தூக்கினாள். வண்டி எண்ணூறு கிலோ. எண்ணூறு கிலோவைத் தாங்குகிற பாளம் நாற்பத்தைந்து கிலோப் பிள்ளையைத் தாங்காதா, கணக்கு சரியாகத்தான் இருந்தது. திரும்பி வந்துவிட்டாள், மேஜைமேல் வைத்துவிட்டுப் போன காப்பி ஆறக்கூட இல்லை. ஆனால் குளத்துக்கு நீர் வரும் ஊற்றுப் பக்கம், டாம்சின் உள்ளே போன பக்கம், வண்டி போகவே இல்லை. அங்கே மூன்று வாரத்துப் பனி முழங்கால் உயரத்துக்குக் கிடந்தது, பனி போர்வை மாதிரி, மேலே எவ்வளவு குளிர்ந்தாலும் அடியில் பாளம் தடிக்காது, இதையும் அவளேதான் கரும்பலகையில் படம் போட்டுக் காட்டினாள். அவளுடைய மௌனத்தை நம்பி அவர் வண்டியை இறக்கினார், அவருடைய வண்டியை நம்பி அவள் வீடு திரும்பினாள், இரண்டு பேரும் கையைத் தூக்கிக்கொண்டார்கள். சனிக்கிழமை டாம்சின் சறுக்குக் காலணியின் கயிற்றைக் கட்டிக்கொண்டே நிமிர்ந்து, "ஐரிஸ், இன்னிக்கு எத்தனை அங்குலம்?" என்று கேட்டாள். இந்தப் பள்ளியில் யாருக்கும் டீச்சர், மேடம் கிடையாது, எல்லோரும் பேர்தான். ஐரிஸ் சிரித்தாள். சிரிக்க மட்டும்தான் செய்தாள். அந்தப் பிள்ளை அதை என்ன எண்ணாக எடுத்துக்கொண்டதோ… பிற்பகல் ஷெரீப் அலுவலகத்து ஆள் வந்து அளவு எவ்வளவு என்று கேட்டபோது மார்கரி குறிப்புப் புத்தகத்தைத் திறந்து காட்டினார். "நாலுக்கு மேலதான் இருந்திருக்கும். இல்லாட்டி அவ அன்னிக்கே சொல்லியிருப்பா. நாங்க பொய் சொல்ற ஆளுங்க இல்ல." ஐரிஸ் பக்கத்தில்தான் இருந்தாள், கம்பளிக்குள், பல் கிட்டித்து. அந்தப் போலீஸ்காரர் எழுதிக்கொண்டார். உண்மைதான், அவள் பொய்யே சொல்லவில்லை, ஆரம்பத்திலிருந்து இன்றுவரை ஒரு பொய் கிடையாது.

முப்பத்திரண்டு நிமிடம். டாம்சினின் அறைத்தோழி எழுந்தாள், சட்டைக் கையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே, "டாம்சினோட படுக்கைய நான் இன்னும் மடிக்கல. மடிச்சா என்னமோ மாதிரி இருக்கு. அவ்வளவுதான்" என்று சொல்லி உட்கார்ந்தாள். அவள் சொன்னதும் உடனே எழுந்தால் அதைக் கேட்காதது போலாகும், ஒரு ஐந்து நிமிடமாவது விட வேண்டும், விட்டாள். பிறகு இன்னும் இரண்டு நிமிடம். உள்ளங்கைகளைப் பெஞ்சில் ஊன்றினாள். பெஞ்சு கிறீச்சிட்டது, பக்கத்தில் இருந்தவள் திரும்பிப் பார்த்தாள். இப்போது. இப்போது. அடுத்த மூச்சில்… மார்கரி திரும்பிக் கையை நீட்டினார். எல்லோரும் அசைந்தார்கள், இருமினார்கள், கை கொடுத்தார்கள், ஆரினின் பக்கத்தில் இருந்தவர் அவர் முழங்கையைத் தொட்டார். முடிந்துவிட்டது. ஐரிஸின் உடம்பில் முதலில் வந்தது ஆறுதல்தான், அதை அவள் கவனித்தாள்.

அறிவிப்புகள். மார்கரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். சனிக்கிழமை சூப் இரவு உண்டு, மருத்துவமனைக்கு ஒரு பானை போகும். ஞாயிறு மலைப்பாதையில் சறுக்குநடை, யாரும் தனியாகப் போகக்கூடாது. போர்வைகளை இருபதாம் தேதிக்குள் முடிக்க வேண்டும். பாகு காய்ச்சச் சாறு வடிக்க மேப்பிள் மரங்களுக்குத் துளை போடுவது பிப்ரவரி கடைசியில், "ஆரின் இல்லாம யாரு பார்க்கப்போறாங்கன்னு தெரியல" என்று டாட்டி பின்னாலிருந்து சொன்னாள், யாரும் திரும்பவில்லை. நிலா வெளிச்சத்தில் குளத்துச் சறுக்கு என்று ஒரு வரி இருந்திருக்கும், மார்கரியின் கண் அந்த இடத்தைத் தாண்டுவது தெரிந்தது. "கடைசியா ஒண்ணு. வெள்ளிக்கிழமை காலையில ஆரினோட சாமான வண்டியில ஏத்த ஆறு பேர் வேணும். விழா எதுவும் வேணாம்னு கேட்டுக்கிட்டாரு. அவர் விருப்பப்படி அவர விடுவிக்கிறோம்னு குறிப்புல எழுதலாமா, நண்பர்களே? யாருக்காவது வேற மாதிரித் தோணுதா?"

மௌனம். அதே மௌனம், அதே அடுப்பு, பிரீயின் கையில் அதே பென்சில். ஆரின் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். துறப்பணத்தில் நவம்பரில் போட்ட கிரீஸ்… பாளத்துக்குள் ஒரு துளை போட்டாலே அது உரிந்து போகும், நான்கு துளை போட்டால் இரும்பு வெள்ளையாகத் தெரியும். அப்படியே இருக்கு என்று இரண்டு தடவை சொன்னார். அந்த ஆணியைத் தினமும் தாண்டித்தானே கொட்டகைக்குள் போகிறார், அப்படியென்றால் என்றைக்குப் பார்த்தார், சனிக்கிழமை ஏணியை எடுக்க ஓடியபோதா, ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே தெரியுமா, தெரிந்துதான் எழுந்தாரா, எழுந்து நடுவில் நின்ற அந்தக் கொஞ்ச நேரம்… அது எனக்காக விட்ட இடமா? காப்பாற்றுகிறாரா, காத்திருக்கிறாரா, இரண்டுமே இல்லாமல் வெறுமனே கிரீஸைப் பற்றித்தான் சொன்னாரா? அவர் இந்தப் பக்கம் திரும்பவில்லை. பென்சில் முனை தாளைத் தொட்டது. யாரோ பெஞ்சைப் பின்னால் தள்ளும் சத்தம் கேட்டது, எழுபது முகங்களும் திரும்பின, அவள்தான் நின்றுகொண்டிருந்தாள்.

"ஐரிஸ்?" என்றார் மார்கரி.

"குளத்த நான் அளக்கவே இல்ல."