இடது பக்கத்துப் பீரங்கி

பதினான்காவது அலையில் கோடாரிக்காரி மறுபடியும் விழுந்தாள்.

"சொன்னேனா இல்லையா?" என்றாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தவள். குரல் பாதி தொண்டையிலேயே நின்றுவிட்டது. "அவளக் கொண்டுபோய் முன்னாடி நிறுத்தாதீங்கன்னு எத்தன வாட்டி சொல்றது?"

லேத் பட்டறைக்காரரான அவள் கணவர் மடியிலிருந்த டேப்லெட்டை முறைத்தார். பேரப்பிள்ளை எடுக்கிற வயசில் இதென்ன பொம்மை விளையாட்டு என்று இரண்டு வருஷமாக அவளைக் கேலி செய்தவர் அவர். இப்போது மூன்று நாளாக அவரே ஆடிக்கொண்டிருந்தார். ஊசி ஏறி ஏறி அவளுடைய கைவிரல்கள் வீங்கிவிட்டன. விரல் அவருடையது, மூளை அவளுடையது.

விளையாட்டு ஒன்றும் பெரிய விஷயமில்லை. இரண்டு பாதைகளில் அரக்கர்கள் அலை அலையாக வருவார்கள். வழியில் கோபுரங்கள் கட்டி, அம்பும் குண்டும் விட்டு, ஒருத்தன்கூடக் கோட்டைக்குள் நுழையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கோபுரம் நகராது. நாயகியான கோடாரிக்காரி மட்டும் சொன்ன இடத்துக்கு நடந்துபோய்ச் சண்டை போடுவாள். விழுந்தால் அரை நிமிஷத்தில் எழுந்து வருவாள், அதற்குள் கோட்டை கைவிட்டுப் போயிருக்கும். நாற்பத்தொன்றாவது கட்டம் ஐந்து மாதமாக மனைவிக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தது.

"இத மட்டும் ஜெயிச்சுட்டாப் போதுங்க" என்று முந்தாநாள் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தாள். நேற்று டாக்டர் அவரை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, இன்றோ நாளையோ என்றார். அதிலிருந்து அவர் டேப்லெட்டைக் கீழே வைக்கவே இல்லை. எப்படியாவது அவள் கண் முன்னால் ஜெயித்துக் காட்டிவிட வேண்டும்.

"மறுபடி ஆரம்பிங்க. அவள ரெண்டு பாதையும் சேர்ற வளைவுல நிறுத்துங்க."

"அதுவரைக்கும் வந்தவன யார் தடுக்கறது?"

"அம்புக் கோபுரம் எதுக்கு இருக்கு? பாதி செத்துத்தான் வருவான். மீதிய இவ பாத்துப்பா. அடி வாங்கினதும் பின்னால இழுத்துடுங்க, ஆறிடுவா."

பஸ் டிப்போவில் இருபத்தாறு வருஷம் டைம்கீப்பராக இருந்தவள். எந்த வண்டி எத்தனை நிமிஷம் பிந்தும், அதற்குள் எதைக் கிளப்ப வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அரக்கர்களையும் அப்படித்தான் பார்த்தாள். அவள் சொன்னபடியே வளைவில் நின்ற கோடாரிக்காரி பத்தாவது அலையைத் துவைத்தெடுத்தாள். பதினான்காவதும் போயிற்று. கோட்டையில் ஒரு கீறல்கூட இல்லை.

"பதினாறுல வௌவால் வரும்" என்றாள் கண்களை மூடியபடி. "பீரங்கி பறக்கறத அடிக்காது. இடது பக்கத்துப் பீரங்கிய எடுத்துட்டுப் பனிக் கோபுரம் வைங்க, அது பறக்கறதயும் உறைய வைக்கும்."

அவருக்குப் பகீரென்றது. மூன்று தரம் பலப்படுத்திய பீரங்கி அது.

"நல்லா ஓடற மெஷின எவனாவது கழட்டுவானா? இருக்கட்டும்."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிப்பதும், பிறகு சத்தமில்லாமல் அவள் சொன்னபடியே செய்வதும் அவருடைய வழக்கம். முப்பத்திரண்டு வருஷக் குடித்தனம் அப்படித்தான் ஓடியது.

"டிப்போ கணக்கெல்லாம் இங்க ஆகாதும்மா. வளைவுல நிறுத்தச் சொன்ன, நிறுத்தினேன். அதுக்காக எல்லாத்தையும் கேக்கணுமா? என்ன, கோவமா? பேச மாட்டியா?"

மருந்துப் பாட்டிலை மாற்ற வந்த நர்ஸ் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். பிறகு கழுத்தில் விரல் வைத்தாள்.

"ஐயா" என்றாள். "அதக் கொஞ்சம் கீழ வைங்க."

வெளியூரில் வேலை பார்க்கும் மகள் மத்தியானம் மூன்று மணிக்கு வீடு வந்து சேர்ந்தாள். கூடத்தில் கிடத்தியிருந்த அம்மாவின் கால்மாட்டில் விழுந்து அழுதாள். அழுது ஓய்ந்ததும் அப்பாவைத் தேடிப் பின்கட்டுக்கு வந்தாள்.

"கடைசியா அம்மா என்னப்பா சொன்னாங்க?"

"உன்னத்தான் கேட்டா."

"உங்களுக்குப் பொய் சொல்ல வராதுப்பா."

அவர் சுவரைப் பார்த்தார். "இடது பக்கத்துப் பீரங்கிய எடுக்கச் சொன்னா."

பக்கத்தில் நின்ற அவருடைய அண்ணி உச்சுக்கொட்டினாள். "பாவம், அதிர்ச்சியில என்னவோ உளர்றாரு."

மகளுக்குப் புரிந்தது. வாராவாரம் போனில் அம்மா அவளிடம் புலம்பிய கட்டம் அது.

"எடுத்தீங்களா?"

"இல்ல. எடுக்க மாட்டேன்னு சண்ட போட்டுக்கிட்டு இருந்தேன்." அவருக்கு உதடு கோணியது. "எப்பப் போனான்னே தெரியல. போனப்புறமும் அவகிட்ட வாதாடிக்கிட்டு இருந்திருக்கேன். நிமிந்து ஒரு தடவ மூஞ்சியப் பாத்திருக்கலாம் நான்."

மகள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு நடுவிலேயே உடைந்து அழுகையாயிற்று. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அவரைக் கூடத்துக்கு அழைத்துப்போனாள். பெண்கள் நகர்ந்து இடம் விட்டார்கள்.

அவர் தலைமாட்டில் உட்கார்ந்து அவள் காதருகே குனிந்தார்.

"நீ சொன்னதுதான் சரி. எடுத்துடறேன்" என்றார்.

டிப்போ இரைச்சலில் அவளுக்கு அந்தக் காது என்றைக்கோ மந்தமாகியிருந்தது. எழுந்து சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய் உட்கார்ந்து, இன்னொரு தடவை சொன்னார்.