கொடிக்கம்பி

நெல் அறைக் கதவைச் சாத்திவிட்டு ஆவுடையப்பன் சுவிட்சில் விரலை வைத்தான். நாற்பத்திரண்டாம் வருஷம், ஒலிபரப்புக் கருவி வைத்திருந்தாலே ஜெயில். அவனோ திருக்கோகர்ணத்தில், ஹெட் கான்ஸ்டபிள் வீரய்யாவுக்கு அடுத்த வீட்டில், தலைமறைவுத் தோழர்களுக்குச் சேதி சொல்ல ஒன்றைக் கட்டி வைத்திருந்தான். துணிச்சல் ஒன்றுமில்லை, பயந்து செத்துக்கொண்டுதான் கட்டினான்.

கருவியிலிருந்த சின்ன வால்வு, அந்தக் கண்ணாடிக் குழல், அனுப்புகிற குரல் பக்கத்திலிருக்கிற அரிமளம் தாண்டாது. அதை வலுவாக்கப் பெரிய வால்வு வேண்டும். ரேடியோ ரிப்பேர் பார்க்கிற ஆள், நிறைய யோசித்தான். எவ்வளவு தூரம் போகவேண்டும், எந்த அலைவரிசை, வால்வு எவ்வளவு சூடு தாங்கும், எல்லாம் பார்த்தான். வெளியே போகிற கம்பி சரியாக அமையாவிட்டால் அத்தனை வலுவும் வால்வுக்குள்ளேயே தேங்கி அதன் உள்தகடு சூடேறிச் சிவந்துவிடும் என்பதும் தெரியும். பெரிய வால்வைப் பொருத்தி, கம்பியை அளந்து, கொல்லையில் வேப்பமரத்துக்கு இழுத்துக் கட்டினான். என்னவென்று கேட்ட பெண்டாட்டி பிரகதாம்பாளிடம் "துணி காயப்போடுற கொடி" என்றான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த நிம்மதி அவனுக்கு. கொடி என்றால் அவள் துணி காயப்போடுவாளே, அதை யோசித்தானா மனுஷன்?

சுவிட்சைப் போட்டான். கொஞ்ச நேரம் எல்லாம் ஒழுங்காக இருந்தது. திடீரென்று வால்வின் தகடு சிவந்தது. கம்பியில் ஈரம். ஈரமென்றால் சேலை. சேலையென்றால் பிரகதாம்பாள்.

"ஆத்தாடி!" கொல்லையிலிருந்து அவள் அலறினாள்.

சுவிட்ச் இருந்த இடமே மறந்துபோய், கருவியிலிருந்து கம்பியைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஓடினான். கம்பி பட்ட விரல் நுனி வெந்து வெளுத்திருக்க, அவள் நின்றுகொண்டிருந்தாள். உயிர் இருந்தது. அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

"என்ன தங்கச்சி சத்தம்?" சுவருக்கு அங்கிட்டிருந்து வீரய்யா.

அவள் கம்பியைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். இவளுக்கு எல்லாம் முன்னமே தெரியும், கொடி என்ற பொய்யை மற்றவர்கள் நம்பத்தான் சேலையைப் போட்டிருக்கிறாள் என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"ஒண்ணுமில்லண்ணே. சேலையில தேளு இருந்திருக்கு, கொட்டிருச்சு."

கும்பிடலாம் போலிருந்தது அவனுக்கு.

"தேளா? அசையாம உக்காரு தங்கச்சி. வேப்பெலையோட வாரேன், மந்திரிச்சா எறங்கிரும்."

தேள்கடிக்கு அந்தத் தெருவே வீரய்யாவிடம்தான் ஓடும். பயத்தில் அவளுக்கு அது மறந்துபோயிற்று.

"ஐயோ, என்னங்க பண்ணிட்டேன்," என்று அவன் கையைப் பிடித்தாள்.

முன்வாசலிலிருந்து கொல்லைக்கு வர நெல் அறையைத் தாண்டித்தான் வரவேண்டும். ஓடிவந்த வேகத்தில் அவன் கதவைச் சாத்தவில்லை. கம்பியில்லாத வால்வு உள்ளே இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. நெல்மூட்டைகளின் மேல் செக்கச்செவேலென்று வெளிச்சம் ஏறிக்கொண்டே வந்தது. முன்வாசலில் செருப்பைக் கழற்றி விடுகிற சத்தம் கேட்டது.